நான்காம் மாடிப் படிக்கட்டு, எண் 214

மார்ச் 3, திங்கள்

ஊதும் கருவிக்குப் பயிற்சி. ஆறு பேர் வரிசையாக ஊதினோம். மூச்சை இழுத்து, பதினைந்து எண்ணும் வரை அடக்கி, குழாயில் மெல்ல விடவேண்டும். உள்ளே எவ்வளவு புகைவாயு இருக்கிறது என்று கருவி ஓர் எண்ணைக் காட்டும். எனக்கு 2. எங்கள் வண்டி ஓட்டுநருக்கு 19. ரோட்டுப் புகை என்றார். யாரும் நம்பவில்லை.

ஏப்ரல் முதல் தேதி புதிய விதிகள் வருகின்றன. சிகரெட் விலை ஏறும். கடையில் ஒற்றையாக விற்கக்கூடாது. அடுக்குமாடிகளின் பொதுப் படிக்கட்டிலும் நடையிலும் பிடித்தால் அபராதம். இதெல்லாம் பிடிக்கிறவர்களை என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் ஆய்வு. நானூறு பேர். விதிக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் இரண்டு தடவை வீட்டுக்குப் போய்க் கேட்கவேண்டும்.

இயக்குநர் அம்மா பாடம் மாதிரி ஒப்பித்தார். கேள்வியை அச்சில் உள்ளபடி படி. முகத்தில் எதையும் காட்டாதே. அவர்கள் பேசிக்கொண்டே வந்து நிறுத்தினால் "வேறு ஏதாவது?" என்று மட்டும் கேள், அதற்கு மேல் ஒரு சொல் கூடாது. அவர்கள் சொன்னது வெளியே போகக்கூடாது. தெரிந்த ஆள் பட்டியலில் இருந்தால் வேறொருவருக்குக் கொடுத்துவிடு.

சாயங்காலம் பட்டியல் வந்தது. எண் 214. கிழக்கு அடுக்குமாடி, நான்காம் மாடி. ஓய்வுபெற்ற கிடங்கு மேற்பார்வையாளர். வயது 69.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்பார்கள். இந்த ஆள் தெய்வம் இல்லை. ஆனால் குறுக்கே வந்துவிட்டார்.

மார்ச் 4, செவ்வாய்

214 என் பங்கில் இல்லை, குடைக்காரியின் பங்கில் இருந்தது. என்னோடு வேலை பார்ப்பவள். வெயிலோ மழையோ குடையைக் கீழே வைக்கமாட்டாள், அதனால் அந்தப் பெயர். நான்காம் மாடி, லிஃப்ட் பாதி நாள் ஓடாது, உனக்கு முழங்கால் வலி, நான் போகிறேன் என்றேன். மகராசியாக இரு என்று வாழ்த்தினாள்.

"இவர்களில் எவரையும் எனக்குத் தெரியாது" என்ற உறுதிமொழித் தாளில் கையெழுத்துப் போட்டேன்.

யாரிடமும் சொல்ல முடியாது, இங்கேயாவது எழுதி வைக்கிறேன். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மதியம் காகிதக் கிடங்கு எரிந்தது. சாப்பாட்டு நேரம், உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் கிடங்கை மறுபடி திறக்கவேயில்லை. எங்கள் குடியிருப்பில் முப்பத்தெட்டுக் குடும்பத்துக்கு வேலை போனது. அப்பா அங்கே வாசல் காவலாளி. அன்று சாயங்காலம் மேற்பார்வையாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பாவைப் படிக்கட்டு வளைவுக்குக் கூட்டிப்போய், தோளில் கை போட்டு, ரொம்ப நேரம் தணிந்த குரலில் பேசினார். அம்மா அப்போது வேலையிலிருந்து வரவில்லை. நான் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். பேச்சு கேட்கவில்லை. மறுநாள் காலை அப்பா போய், அணைக்காமல் சிகரெட்டை எறிந்தது நான்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

அதன்பிறகு மூன்று வருடம் இருந்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா அவரோடு எதைப் பற்றியும் பேசவில்லை.

வீடு அம்மா பெயரில் இருந்ததால் யாரும் எங்களைத் துரத்தவில்லை. போக வேறு இடமும் இல்லை. அதே முப்பத்தெட்டுக் குடும்பத்துக்கு நடுவில் இன்னும் இருக்கிறோம். அம்மா குழாயடிக்குப் போனால் அங்கே பேச்சு நின்றுவிடும். என்னைப் பெண் கேட்டு வந்த இரண்டு இடமும் கீழ்த்தளத்தில் விசாரித்துவிட்டு மேலே ஏறாமலே போயிற்று. "கிடங்கை எரிச்சவன் மக." முப்பத்தொன்பது வயதாகிவிட்டது, பெயர் மட்டும் மாறவில்லை.

எனக்குப் பதினேழு வயதிலிருந்து சந்தேகம். கையில் ஆதாரம் ஒன்றும் கிடையாது, அதனால் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. இப்போது அறுபத்திரண்டு கேள்வி இருக்கிறது.

மார்ச் 7, வெள்ளி

மருமகள் கதவைத் திறந்தாள். மாமா படிக்கட்டில் இருப்பார், புகை வாசனை வரும் திசையில் போங்கள் என்றாள்.

இருந்தார். சுருங்கிவிட்டார். அந்தத் தோளில் போட்ட கையைத்தான் முதலில் பார்த்தேன். விரல் நுனி மஞ்சள். என்னை அடையாளம் தெரியவில்லை. இரட்டைச் சடைக்காரி எங்கே, கண்ணாடி போட்ட இந்த நரைத்தலை எங்கே.

நாளைக்குப் பதினெட்டு சிகரெட். கருவியில் 28. எங்கே, எப்போது பிடிப்பீர்கள் என்பது பதினேழாம் கேள்வி. காலை ஏழேகால், நான்காம் மாடி ஜன்னலோரம். பதினொரு மணி, மொட்டைமாடிக் கதவு. நாலரை, மறுபடி ஜன்னல். ரயில்வே கால அட்டவணைபோலச் சொன்னார். வேலை பார்த்த இடத்தில் புகைக்கத் தடை இருந்ததா, அதை மீறியதுண்டா என்று கேட்டேன். இருந்தது, மீறாதவன் எவன் என்று சிரித்தார்.

"வேறு ஏதாவது?"

ஒன்றுமில்லை என்றார். டாக்டர் என்றால் திட்டுவார், நீ திட்டாமல் எழுதிக்கொள்கிறாயே, உனக்குப் புண்ணியம் என்றார். மருமகளிடம் சொல்லி எனக்கு டீ கொடுக்கச் செய்தார். குடிக்கவில்லை. வயிறு சரியில்லை என்று பொய் சொன்னேன்.

நல்ல மனிதராக இருக்கிறார். அதுதான் எரிகிறது. முரடனாக இருந்திருக்கலாம்.

மார்ச் 9, ஞாயிறு

அம்மா தலையணை உறைக்கு ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டிருந்தாள். வேலை எப்படிப் போகிறது என்றாள். போகிறது என்றேன். இந்த ஊதுற எழவையெல்லாம் விசாரிச்சு என்னத்த கண்டுபிடிக்கப் போறீங்க என்றாள்.

கீழே எடைக்காரர் படியேறி வந்துகொண்டிருந்தார். கிடங்கின் எடைமேடையில் இருந்தவர். அப்பாவும் அவரும் ஒரே தூக்குப் பாத்திரத்தில் சாப்பிட்டவர்கள். அம்மாவைப் பார்த்ததும் வழக்கம்போலச் சுவரைப் பார்த்துக்கொண்டு கடந்தார்.

ஏப்ரல் 1, செவ்வாய்

விதி வந்துவிட்டது. கிழக்கு அடுக்குமாடி லிஃப்ட் பக்கத்தில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். புகார் செய்ய ஓர் எண். இரண்டு தடவை பார்த்தேன், மனப்பாடம்.

ஏப்ரல் 3, வியாழன்

போன் செய்தேன்.

உங்கள் பெயர் சொல்லவேண்டாம், இடமும் நேரமும் போதும் என்றாள் எதிர்முனைப் பெண். இடம், நேரம்! அதற்கு என்னைவிட ஆள் உண்டா? ஏழேகால், நான்காம் மாடி, ஜன்னலோரம்.

ஏப்ரல் 5, சனி

மாட்டினார்.

ஏப்ரல் 10, வியாழன்

பதினொரு மணி, மொட்டைமாடிக் கதவு. இரண்டாவது அபராதம். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தாகவேண்டும்.

ஏப்ரல் 24, வியாழன்

இரண்டாம் தடவை போனேன். மூன்று அபராதம் ஆகிவிட்டது அவருக்கு. எனக்கே எண்ணிக்கை தெரிந்தும், படிவத்தில் இருக்கிறபடி "எத்தனை முறை?" என்று கேட்டேன்.

"கடந்த ஒரு மாதத்தில் உங்கள் புகைப்பழக்கத்தால் வீட்டில் யாராவது கோபப்பட்டார்களா? ஒருபோதும் இல்லை, எப்போதாவது, சில நேரம், அடிக்கடி, எப்போதும்." சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். குரலை இறக்கி, எப்போதும் என்று போட்டுக்கொள் என்றார். மகன் சாப்பாட்டு மேசையில் பேசுவதை நிறுத்திவிட்டானாம்.

"பேசாம இருக்கான்மா. திட்டினாக்கூட பரவால்ல. ஒரே வீட்ல இருந்துக்கிட்டு பேசாம இருக்கறது இருக்கே..."

தெரியும். எனக்குத் தெரியாதா? மூணு வருஷம் எங்க வீட்ல பாத்தேனே. தட்டு வைக்கிற சத்தம் மட்டும்தானே கேக்கும். இவர் எனக்குச் சொல்ல வந்துட்டார்!

முகத்தில் எதையும் காட்டவில்லை. "எப்போதும்" என்பதை வட்டமிட்டேன். என் பிறவியில் எதையும் இவ்வளவு ருசித்து வட்டமிட்டதில்லை.

நாளைக்குப் பன்னிரண்டு. கருவியில் 21. இப்போது நான்கு மாடி இறங்கி, தெருவைக் கடந்து, குப்பைத்தொட்டிக்கு அந்தப் பக்கம் நிற்கிறாராம். திரும்பி ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் மூச்சு வாங்க நிற்கவேண்டியிருக்கிறது. மழை வந்தால் மட்டும் பின்பக்கப் படிக்கட்டு, இரண்டாம் மாடி வளைவு, காலை எட்டு மணி; அங்கே ஈ காக்கை வராது என்றார். பதினேழாம் கேள்விக்குப் புதிய பதில். படிவத்தில் ஒரு தடவை எழுதினேன், மனதில் ஒரு தடவை.

ஏப்ரல் 29, செவ்வாய்

காலையில் மழை. எட்டு மணிக்கு இரண்டாம் மாடி வளைவு. நான்காவது.

மே 5, திங்கள்

அலுவலகத்தில் கூட்டம். இதுவரை வந்த விவரங்களைச் சுவரில் படமாகப் போட்டார்கள். எந்தக் கட்டடத்தில் விதி எவ்வளவு கண்டிப்பாக நடக்கிறது என்று பத்துக் கம்பங்கள். ஒன்பது குட்டை. கிழக்கு அடுக்குமாடி மட்டும் கூரையை முட்டிக்கொண்டு நிற்கிறது. இயக்குநர் அம்மாவுக்கு வாயெல்லாம் பல். அங்கே நிர்வாகம் அருமை, குடியிருப்போர் விழிப்பாக இருக்கிறார்கள், இதைத் தனியாக எழுதவேண்டும் என்றார்.

அந்தக் கம்பம் நான்தான். குடிதண்ணீரை எடுத்துக் குடித்தேன், சிரிப்பை அடக்க.

மே 6, செவ்வாய்

இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். எழுதுகிறேன்.

அதே கட்டடத்தில் வேறு ஒருவரைப் பார்க்கப் போனேன். மூன்றாம் மாடியில் கூட்டம். 214, அங்கே குடியிருக்கும் தையல்காரரைப் பிடித்துக்கொண்டிருந்தார். தையல்காரரின் மெஷின் படிக்கட்டைப் பார்த்த ஜன்னலில் இருக்கிறது. நாள் முழுக்க யார் ஏறினாலும் இறங்கினாலும் அவர் கண்ணில் படும். என் நேரம் காலமெல்லாம் உனக்குத்தான் தெரியும், நீதான் போன் செய்கிறாய் என்று கத்தினார். சுற்றி நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். காட்டிக்கொடுக்கிறவனிடம் எவன் துணி கொடுப்பான் என்று ஒரு குரல். வாசலில் தொங்கிய தையல் பலகையை யாரோ கழற்றித் தரையில் வைத்தார்கள்.

தையல்காரருக்குக் கழுத்தில் அளவு நாடா அப்படியே கிடந்தது. திரும்பி என்னைப் பார்த்தார்.

"நீங்க அடிக்கடி வர்றவங்கதானே. நீங்களாச்சும் சொல்லுங்கம்மா, நான் அப்படிப்பட்ட ஆளா?"

எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன்.

மே 7, புதன்

வாயைத் திறந்திருக்கலாம். ஒரு வாக்கியம். திறக்கவில்லை. திறந்தால் வேலை போகும், 214 கை நழுவிப் போவார், இன்னும் அவர் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லையே. இப்படியெல்லாம் நியாயம் சொல்லிக்கொள்கிறேன். அவரும் அன்றைக்கு இப்படித்தான் சொல்லிக்கொண்டிருப்பாரோ?

இல்லை. அவர் வேறு, நான் வேறு.

மே 15, வியாழன்

ஐந்தாவது. எதிர்முனைப் பெண் என் குரலை அடையாளம் கண்டுகொண்டாள். கிழக்கு அடுக்குமாடிதானே மேடம் என்றாள்.

மே 16, வெள்ளி

தையல்காரர் ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்கிறாராம். குடைக்காரி சொன்னாள், ஏதோ ஊர்வம்பு மாதிரி.

இனி நான் போன் செய்யப்போவதில்லை என்பதையும் எழுதி வைக்கிறேன். அதனால் ஒன்றும் சரியாகிவிடாது.

ஜூன் 19, வியாழன்

கடைசித் தடவை. நாளைக்கு ஆறு. கருவியில் 11. கருவியைப் பார்த்து அவர் சந்தோஷப்பட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனிதரை நோகடிக்க நான் பட்ட பாட்டில் அவருக்கு ஆயுசு கூடிக்கொண்டிருக்கிறது!

நாற்பத்து நான்காம் கேள்வி. "விலை ஏறிய பிறகு, சிகரெட்டைப் பாதியில் அணைத்து வைத்து மறுபடி பிடிப்பதுண்டா?" நூறு பேரிடமாவது கேட்டுச் சலித்த கேள்வி. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினார். உள்ளே நசுக்கின துண்டுகள், நாலோ ஐந்தோ.

"இதெல்லாம் எனக்குப் பழக்கமே இல்லம்மா. நான் கடைசி இழுப்பு இழுத்ததும் சுண்டி எறிஞ்சுடுவேன். எங்க கிடங்குல ஒரு காவலாளி இருந்தான், அவன்தான் இப்படி. பாதியில நசுக்கி, ஆறவிட்டு, பையில போட்டுப்பான். ஒரு துண்டை மூணு வேளைக்கு வச்சுப் பிடிப்பான்."

அனுமதிக்கப்பட்ட அந்த இரண்டு சொல்லைத் தேடி எடுத்தேன்.

"வேறு ஏதாவது?"

"அந்தக் கிடங்கு எரிஞ்சுபோச்சு. எரியற துண்டை எறிஞ்சது நான்தான்னு அவன் எழுதிக் குடுத்தான்." டப்பாவை மூடினார். "எறியத் தெரியாதவன்மா அவன்."

"வேறு ஏதாவது?"

சமையலறையில் குழாய் ஓடி நின்றது.

"நான் எறிஞ்சது. எனக்குன்னா ஜெயில், உனக்குன்னா எச்சரிக்கையோட போயிடும், வேற இடத்துல வேலை வாங்கித் தரேன்னு அவன்கிட்ட சொன்னேன். நம்பினான். வாங்கித் தரல. அந்தப் பக்கமே அப்புறம் நான் போகல."

"வேறு ஏதாவது?"

"அவ்வளவுதான். இதை எழுதிக்காதம்மா."

எழுதவில்லை சார் என்றேன். நாற்பத்து நான்கு: ஆம். வட்டமிட்டேன். மீதி பதினெட்டுக் கேள்வியையும் அச்சில் உள்ளபடி கேட்டு முடித்தேன். எப்படி முடித்தேன் என்று தெரியவில்லை. வெளியே வந்து மூன்றாம் மாடியில் சாத்திய ஜன்னலுக்கு எதிரே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

சொன்னார். அவர் வாயால் சொன்னார். எங்கப்பா இல்ல. எங்கப்பா இல்லவே இல்ல.

வெளியே சொல்லக்கூடாதாம். கையெழுத்துப் போட்டிருக்கேன். யாருக்கு வேணும் அந்தக் கையெழுத்து?

ஜூன் 22, ஞாயிறு

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஒன்றுவிடாமல். அழுவாள் என்று நினைத்தேன், குறைந்தபட்சம் உட்காருவாள் என்று. கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் உலர்த்திக்கொண்டே இருந்தாள்.

"உங்கப்பா எறியலைன்னு எனக்குத் தெரியும்."

எப்படி என்றேன்.

"சட்டையைத் தோய்க்கறவ நான்தானே. வாரத்துக்கு எத்தனை துண்டு எடுத்திருக்கேன் அந்தப் பையில இருந்து. அவராவது எறியறதாவது."

பின்னே ஏன் மூன்று வருடம் அவரோடு பேசவில்லை என்று கேட்டேன். கத்தினேன் என்றுதான் சொல்லவேண்டும். அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள். யாருக்காக எழுதிக் கொடுத்தாய் என்று அவரைக் கேட்டுக்கொண்டே இருந்தாளாம். வாக்குக் கொடுத்துட்டேன் என்ற ஒரு பதில்தானாம், அதோடு பேச்சை நிறுத்திவிட்டாளாம். பெயரை மட்டும் சொல்லியிருந்தால் அன்றைக்கே போய் அவன் வாசலில் நின்றிருப்பேன், ஊரைக் கூட்டியிருப்பேன், அவரும் அவனுமாக வாயை மூடிக்கொண்டு என்னைக் குழாயடியில் நிற்க வைத்தார்கள் என்றாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் இவ்வளவு நீளமாகப் பேசிக் கேட்டதில்லை.

நான் அவளைக் குளிர்விக்கிற எண்ணத்தில், போன் செய்த கதையையும் சொன்னேன். ஐந்து அபராதம், மகன் பேசாதது, குப்பைத்தொட்டி, மழை. பெருமையாகத்தான் சொன்னேன். தையல்காரர் கதை அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

அம்மா காலி வாளியைக் கீழே வைத்தாள்.

"ஒளிஞ்சு நின்னு போன் பண்ணியா நீ? அப்படியே உங்கப்பா பொண்ணுடி, வாயே கிடையாது. அந்தத் தையல்காரன் பேரைச் சரி பண்ணிட்டு வா. அப்புறம் இந்த வீட்ல உங்கப்பா பேரைப் பத்திப் பேசலாம்."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று இவ்வளவு வருடம் அடுத்தவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 23, திங்கள்

நானாகவே போனேன். இயக்குநர் அம்மா கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன்: பொய்க் கையெழுத்து, போன், தெரிந்த ஆள் என்பது. 214 என்ன சொன்னார் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவர் கோபப்படவில்லை, அதுவே கஷ்டமாக இருந்தது. உன்னை நம்பித்தானே அந்த நானூறு பேரும் கதவைத் திறந்தார்கள் என்றார். 214-இன் படிவங்களை நீக்கிவிட்டார்கள். கிழக்கு அடுக்குமாடிக் கம்பமும் சுவரிலிருந்து போய்விடும். பையையும் கருவியையும் அடையாள அட்டையையும் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

குடைக்காரி வாசல்வரை வந்தாள். என்ன நடந்தது என்று கேட்காமல் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஜூன் 25, புதன்

பை இல்லாமல் போனேன். கை என்னவோபோல இருந்தது. முதலில் மூன்றாம் மாடி. தையல்காரரை, ஐந்து நிமிடம் மேலே வாருங்கள் என்று கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போனேன்.

214, மகன், மருமகள் மூவரும் இருந்தார்கள். இந்தத் தடவை அச்சில் எதுவும் இல்லை. புகார் செய்தது நான், ஐந்து தடவையும் நான், இவர் ஒருநாளும் செய்ததில்லை என்றேன். இதைக் கட்டடத்தில் யார் கேட்டாலும் வந்து சொல்கிறேன் என்றேன். மகன் எழுந்துவிட்டான். அவன் வாய் திறக்குமுன், நான் அந்தக் காவலாளியின் மகள் என்றேன்.

214 என்னையே பார்த்தார். நெற்றியில் ஆரம்பித்துக் கீழே வந்தது பார்வை, முகத்தில் யாரையோ தேடுகிற பார்வை. மகன், எந்தக் காவலாளி, யாரப்பா இவள் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அவன் கேட்கக் கேட்க அவர் சிறுத்துக்கொண்டே போனார். எனக்கு அது இனித்தது. மறைக்க என்ன இருக்கிறது, தேனாக இனித்தது.

என் வேலை போய்விட்டது, நான் கொடுத்த வாக்கும் அதோடு போய்விட்டது, இப்போது நான் எங்கே வேண்டுமானாலும் சொல்லலாம், ஆனால் நான் சொன்னால் எவனும் நம்பமாட்டான் என்றேன். கிடங்கை எரிச்சவன் மகள் வேறு என்ன சொல்வாள்?

அவர் மகனைப் பார்க்காமல் கேட்டார்.

"நான் எங்க வந்து சொல்லணும்?"

"வழி உங்களுக்குத் தெரியும். அதே படிக்கட்டு."

இறங்கும்போது தையல்காரர் மூன்றாம் மாடியில் நின்றார். ஏழு வாரமாக ஒரு கிழிசல்கூட தைக்க வரவில்லை என்றார். மன்னித்துவிடுங்கள் என்றேன். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. உள்ளே போய் ஜன்னலைத் திறந்துவைக்கிற சத்தம் கேட்டது.

ஜூன் 29, ஞாயிறு

வந்தார். தனியாக. ஞாயிறு காலை, குடியிருப்பில் எல்லோரும் வீட்டில் இருக்கிற நேரம். அந்த நேரத்தை அவராகத் தேர்ந்தெடுத்தாரா தெரியவில்லை. எங்களுடையது இரண்டாம் மாடிதான், இருந்தும் வளைவில் நின்று நின்று ஏறினார். ஏறும் சத்தம் கேட்டதுமே அம்மா போய் வாசலை மறித்து நின்றுகொண்டாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கிடங்கை எரித்தது நான்தான் என்றார். பாதி மூச்சில், அம்மாவின் காலைப் பார்த்துக்கொண்டு.

"கேக்கல" என்றாள் அம்மா.

மறுபடி சொன்னார். எதிர் வீட்டுக் கதவு திறந்தது.

"கேக்கல. சத்தமா."

சுவரைப் பிடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, மூன்றாம் தடவை சொன்னார். துண்டை எறிந்தது நான், காவலாளி எறியவில்லை, என்னைக் காப்பாற்ற அவன் எழுதிக் கொடுத்தான், அவனுக்கு நான் துரோகம் செய்தேன். இருமல் வந்து மடங்கினார். மாடிக் கைப்பிடி நெடுகத் தலைகள். நாலாவது தடவையும் சொல்லச் சொல்லமாட்டாளா என்று என் மனம் துடித்தது, உண்மையைத்தான் எழுதுகிறேன்.

அம்மா சொல்லவில்லை. உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை நின்றாள். செம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"போறப்போ ஒவ்வொரு தளத்துலயும் நின்னு இதையே சொல்லிட்டுப் போங்க. எப்படியும் மூச்சு வாங்க நிப்பீங்கல்ல."

கதவைச் சாத்தினாள். நாங்கள் இருவரும் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டோம். முதல் மாடியில் சொன்னார். கீழ்த்தளத்திலும் சொன்னார். குரல் தேய்ந்துவிட்டது, ஆனால் சொற்கள் புரிந்தன. அம்மா கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு அப்போதுதான் அழுதாள்.

ஜூன் 30, திங்கள்

காலையில் கதவு தட்டும் சத்தம். துளைவழியாகப் பார்த்தேன். எடைக்காரர், தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு. என்ன பேசுவது என்று தெரியாமல் உதட்டை அசைத்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். தாழ்ப்பாளில் கை வைத்தேன்.

"திறக்காதே" என்றாள் அம்மா. "இருபத்திரண்டு வருஷம் நான் நின்னேன். கொஞ்ச நேரம் நிக்கட்டும்."

அவர் மறுபடி தட்டினார். அம்மா அடுப்பைப் பற்றவைத்து, டீக்கு மூன்று தம்ளர் தண்ணீர் அளந்து ஊற்றினாள்.